ஒட்டுச் சீட்டு

பிப்ரவரி 3

முன்னாள் தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் என்னை அறியமாட்டீர்கள். என் கணவரை அறிவீர்கள். ராணுவப் போக்குவரத்துக் கம்பெனியில் பதினேழு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஆறடி மூன்றங்குல உயரத்தின் பொருட்டு 'நெட்டை' என்று அழைக்கப்பட்டவர். அவருடைய பணி ஏட்டை எழுதிப் பராமரித்தவர் தாங்களே என்பதை அவரது விடுவிப்புச் சான்றிதழின் அடியிலுள்ள கையொப்பத்திலிருந்து அறிகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் என் கணவர் வழக்கம்போல நான்கு பதக்கங்களையும் அணிந்து சென்றார். புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர், பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியலை வரவழைத்து வைத்திருந்தார். ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் செய்து, பட்டியலைப் படித்து, பிறகு மார்பைப் பார்த்தார். என் கணவர் பெயருக்கு நேரே இரண்டு பதக்கங்களே இருந்தன. போர்முனைப் பதக்கமும் துணிவுப் பதக்கமும் இல்லை. "மத்த ரெண்டும் யாருதுங்க, பெரியவரே?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். சிலர் சிரித்தனர். நான் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தேன். சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு பதக்கங்களும் அவ்விடத்திலேயே கழற்றி வாங்கப்பட்டன. 'சரிபார்ப்புக்காக' என்று ஒரு துண்டு ரசீது மட்டும் கையில் தரப்பட்டது. ஏப்ரல் 30 அன்று சங்கத்தின் செயற்குழு கூடுகிறது. அதற்குள் சான்று தராவிட்டால், உரிமையில்லாத பதக்கம் அணிந்தவர் என்று அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும்.

என் கேள்வி ஒன்றே. கைக்கு வந்த பதக்கம் ஏட்டுக்கு ஏன் வரவில்லை? ஏட்டை எழுதிய கை தங்களுடையது. அதே ஆண்டில் தங்களுக்கும் அதே இரண்டு பதக்கங்கள் கிடைத்தன என்று என் கணவர் சொல்கிறார். தங்கள் ஏட்டிலிருந்தும் அவை காணாமல் போயினவா என்று அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
நெட்டையின் மனைவி


பிப்ரவரி 12

அம்மா,

கடிதம் கிடைச்சுது. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. என் விலாசத்தை உங்களுக்கு யார் கொடுத்தாங்க? நான் மகள் வீட்டோட வந்து நாலு வருஷம் ஆகுது. சொந்தக்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

ரெண்டாவது விஷயம். நெட்டையோட சம்சாரம் பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்லைன்னு அவனே என்கிட்ட சொல்லியிருக்கான். சலவைக்கடை வெச்சிருக்கிறதா ஞாபகம். ஆனா இந்தக் கடிதம் வக்கீல் எழுதின மாதிரி இருக்கு. 'உயரத்தின் பொருட்டு'ன்னு யாரும்மா எழுதறாங்க இந்தக் காலத்துல? முப்பது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதிக் கை ஓய்ஞ்சவன் நான். ஓய்வு பெற்ற அன்னிக்கே அந்த பாஷையைச் சட்டையோட சேர்த்துக் கழற்றிப் போட்டுட்டேன். அதனால அதோட வாசனை எனக்கு நல்லாத் தெரியும். பின்னாடி இருந்து யார் எழுத வைக்கிறாங்க? அந்தச் செயலாளரா? என் வாயால ஏதாவது சொல்ல வெச்சுப் பிடிக்கலாம்னு பார்க்கறாரா?

நீங்க நிஜமாவே நெட்டை வீட்டு அம்மாதான்னா, அவன் ஓட்டின லாரிக்கு நாங்க என்ன பேர் வெச்சிருந்தோம்னு அவன்கிட்ட கேட்டு எழுதுங்க. எந்தக் காகிதத்திலயும் இல்லாத பேர் அது.

அதுக்கு அப்புறம் பார்க்கலாம்.

முன்னாள் தலைமை எழுத்தர்


பிப்ரவரி 20

முன்னாள் தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

லாரியின் பெயர் 'மகாராணி'. காலையில் நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினால்தான் அவள் எழுந்திருப்பாளாம். கேட்டவுடன் என் கணவர் சொன்னார். கூட்டத்துக்குப் பிறகு அவர் தயங்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

முகவரி குறித்துத் தாங்கள் ஐயம் கொண்டது வீண். தங்கள் பழைய வீட்டுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. உறையின்மேல் அஞ்சல்காரர் புதிய முகவரியை எழுதி வைத்திருந்தார். படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

நான் பள்ளிக்குச் செல்லாதவள் என்பது உண்மை. அது எனக்கு இழுக்கன்று. தேய்த்த துணியைச் சுற்றிக் கட்ட எடைக்கு வாங்கிய பழைய தாள்களில் பெரும்பாலானவை அரசு அலுவலகங்கள் கழித்த சுற்றறிக்கைகள். தேய்ப்புப் பெட்டி சூடேறும் நேரத்தில் ஒவ்வோர் எழுத்தாக அவற்றிலிருந்து கற்றேன். ஆகவே 'பொருட்டு' என்பதும் 'மேற்படி' என்பதும் எனக்கு யாரும் இரவல் கொடுத்தவையல்ல. தாங்கள் கழற்றிப் போட்டதாகச் சொல்லும் சட்டையை நான் துவைத்துக் கஞ்சி போட்டு அணிந்திருக்கிறேன் என்று கொள்ளலாம்.

இனி என் ஐயத்துக்கு வருகிறேன். நான் கேட்டது ஒரு கேள்வி. தாங்கள் திருப்பி அனுப்பியவை ஐந்து. பதில் மட்டும் இல்லை.

வீட்டு நிலையையும் தெரிவிப்பது என் கடமை. என் கணவர் வெளியே செல்வதில்லை. கட்டிலில் அமர்ந்து ரசீதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வலது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். ஒரு தட்டு. சற்று நிறுத்தி, இரண்டு தட்டு. மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்கிறார். முந்தாநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஏட்டுல இல்லைன்னா நான் போகலைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

"எங்கே போகலை?"

"அந்த ரோட்டுக்கு. போனதா நானே நினைச்சுக்கிட்டேனோ என்னவோ. வயசாச்சில்ல?"

நாற்பத்தொரு ஆண்டுகளாக இவருடன் வாழ்கிறேன். மனிதர் உப்பைக் கூடக் கூட்டிச் சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர் இன்று தம்மை நம்பாமல் தாளை நம்புகிறார். தாள் தங்களுடையது.

இப்படிக்கு,
நெட்டையின் மனைவி


மார்ச் 2

அம்மா,

மகாராணிதான். சரி, நீங்க அவன் வீட்டு அம்மாதான். கோவிச்சுக்காதீங்க. இந்த வயசுல தபால் வந்தாலே எனக்குப் பயம்.

விஷயம் என்னன்னா, அந்தக் காலத்துல பதிவறையில ஒரு தீ விபத்து. கம்பெனி இடம் மாறின சமயம். நிறைய ஏடு போயிடுச்சு. நெட்டையோடதும் அதுல மாட்டியிருக்கும். பின்னாடி புதுசா எழுதினவங்க விட்டிருப்பாங்க. இதுல என்னால என்ன செய்ய முடியும்? பதிவு அலுவலகத்துக்கு ஒரு திருத்த மனு போடுங்க. படிவம் அங்கேயே கிடைக்கும். ரெண்டு மூணு வருஷத்துல பதில் வரும். அவங்க வேகம் அவ்வளவுதான்.

என்னுடைய பதக்கத்தைப் பத்திக் கேட்டிருந்தீங்க. அது இதுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.

தட்டறான்னு எழுதியிருந்தீங்களே. ஒண்ணு, அப்புறம் ரெண்டா? அதே வரிசையிலயா? சும்மா கேட்டேன்.

மு.த.எ.


மார்ச் 19

முன்னாள் தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

'இரண்டு மூன்று வருஷம்' என்பதைப் படித்தவுடன் கடையை அடைத்துவிட்டு, ஆறு மணி நேரம் பேருந்தில் சென்று, பதிவு அலுவலகத்தை நேரில் அடைந்தேன். மனுவும் கையோடு கொண்டு சென்றேன். நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

பதிவறைப் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மனுவைப் படித்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்றார். இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. "நான்" என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே சென்று ஏட்டைக் கொண்டுவந்தார்.

ஏடு எரியவில்லை. ஓரம்கூடக் கருகவில்லை. தீ விபத்து எந்த ஆண்டு என்று கேட்டேன். "இந்தக் கட்டுகளுக்கா? இதுங்களுக்கு ஆபத்து நெருப்பால இல்லம்மா, பூச்சியாலதான்" என்று சிரித்தார். ஆகவே, தாங்கள் எனக்கு எழுதியது பொய் என்பதை இதன் வாயிலாகப் பதிவு செய்கிறேன்.

பதக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் மையில் இரண்டு வரிகள். அவற்றுக்கு அடியில் வெளுத்த ஒரு கட்டம். விரல் நீளம், இரண்டு விரல் அகலம். சுற்றியுள்ள தாள் பழுத்திருக்க, அந்தக் கட்டம் மட்டும் வெளுத்திருந்தது. அங்கே ஏதோ ஒரு சீட்டு ஒரு காலத்தில் ஒட்டியிருந்து வெயிலையும் தூசியையும் தடுத்திருக்கிறது. தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். நுனிவிரலை ஈரப்படுத்தி வைத்தேன். கோந்தாக இருந்தால் விரலைப் பிடித்து இழுக்கும். இது முதலில் வழுக்கி, காய்ந்ததும் சொரசொரத்தது. நாற்பது ஆண்டுகளாகச் சட்டைக் காலருக்குக் கஞ்சி போடுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மாவு.

"இந்தக் கம்பெனிக் கட்டுல நிறைய ஏடு இப்படித்தான் இருக்கு. நானும் என்னடா இதுன்னு நினைச்சிருக்கேன்" என்றார் பொறுப்பாளர். எல்லா ஏடும் இப்படியா என்று கேட்டேன். தலைமை எழுத்தரின் ஏடும் இப்படித்தானா என்று கேட்டேன். பிறர் ஏட்டைக் காட்டக்கூடாது என்றார். நான் நகரவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே எழுந்து சென்று, பார்த்துவிட்டு வந்து, ஒரே வாக்கியம் சொன்னார்: "அவரோடது மையில எழுதியிருக்கு, நாலும். அழகான கையெழுத்து."

பலருக்குச் சீட்டு. தங்கள் ஒருவருக்கு மட்டும் மை.

சீட்டு தானாக எழுந்து நடந்து போகாது. தாங்கள்தான் பிரித்தெடுத்தீர்கள் என்று ஐயுறுகிறேன். எதற்காக என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு அதையும் எழுதுவேன், தங்களுக்கு மட்டுமல்ல.

கட்டிலுக்கு எதிரே, நான்கு பதக்கங்களோடு அவர் நிற்கும் புகைப்படம் மாட்டியிருந்தது. ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அது சுவரில் இல்லை. துணிக்கூடையின் அடியில், முகம் கீழாகக் கிடந்தது.

தட்டுவது அதே வரிசையில்தான். ஏன் கேட்டீர்கள்?

இப்படிக்கு,
நெட்டையின் மனைவி


ஏப்ரல் 1

அம்மா,

பத்து நாளா இதை எழுதறேன், கிழிக்கறேன். இன்னிக்கு எழுதி முடிச்சுட்டேன். படிச்சதும் நீங்க கிழிச்சுடணும். அது ஒண்ணுதான் நான் கேட்கறது.

நான் பிரிச்செடுக்கலை. சத்தியமா. நடந்தது இதுதான்.

அந்த வருஷம் பதக்கப் பட்டியல் அச்சடிச்சு வந்துச்சு. எங்க கம்பெனியில நூத்துப் பன்னெண்டு பேர். ரெண்டு நாள்ல கம்பெனி கிளம்பணும், அதுக்குள்ள எல்லா ஏட்டிலயும் ஏத்தணும்னு உத்தரவு. நூத்துப் பன்னெண்டு ஏட்டில கையால எழுதறது நடக்காத காரியம். அவசரம்னா பட்டியலை வரி வரியாக் கத்தரிச்சு அவங்கவங்க பக்கத்துல ஒட்டிக்கலாம்னு விதி இருந்துச்சு. நானும் கத்தரிச்சேன். கோந்து பாட்டில் காலி. பண்டகசாலையில கேட்டா அடுத்த மாசம் வாங்கன்னாங்க. சமையல்காரன்கிட்ட ஒரு டம்ளர் மாவு வாங்கி, வெந்நீர்ல கரைச்சு ஒட்டினேன்.

என் சீட்டை ஒட்டலை. என்னுடையதை மையில எழுதினேன். 'பேனா கையில இருந்துச்சு, எழுதினேன், அவ்வளவுதானே'ன்னு நாப்பது வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு வரேன். உங்க கடிதத்துல 'தங்கள் ஒருவருக்கு மட்டும் மை'ன்னு படிச்சப்ப இனிமே அப்படிச் சொல்லிக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. மாவு நிக்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.

ரெண்டு வருஷம் கழிச்சு, ஏடுகளை ஒப்படைக்கப் பெட்டியைத் திறந்தேன். கரப்பான். மாவு இருந்த இடமெல்லாம் சீட்டைத் தின்னிருந்துச்சு. ஏட்டில மாவுத் தடம்தான் மிச்சம். அடியில காகிதத் தூள். ஒரு கை நிறைய வந்துச்சு. கூட்டி வெளியே கொட்டிட்டேன். 'எல்லாப் பதிவுகளையும் சரிபார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்க தலைமையகத்தையே அப்புறம் கலைச்சுட்டாங்க. அங்க இருந்த பட்டியல் நகல் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. உங்க கடிதம் வர்ற வரைக்கும்.

தட்டறதைப் பத்தி. துணிவுப் பதக்கம் அதுக்குத்தாம்மா கொடுத்தாங்க. ஒத்தை வண்டி போற கரைமேட்டு ரோடு. ரெண்டு பக்கமும் பள்ளம். முன்னாடி பாலம் உடைஞ்சு கிடக்கு. திரும்ப இடமில்லை. உள்ளே காயம்பட்ட ஒன்பது பேர். பின்னாடி பார்க்கற கண்ணாடி ரெண்டும் உடைஞ்சு போயிடுச்சு. மண்ணுப் புழுதியில பட்டப் பகல்லயே ஒண்ணும் தெரியலை. மூணு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வந்தான். நான் பதிவேட்டுப் பெட்டி மேல, பின் கதவோரமா, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரும்புல தட்டித் தட்டி அவனுக்கு வழி சொன்னேன். ஒண்ணு தட்டினா இடது. ரெண்டு தட்டினா வலது. அதைத்தான் அவன் தட்டிக்கிட்டிருக்கான். நரம்பு இல்லை. போகலையான்னு அவன் கேட்டா, போனான்னு சொல்லுங்க. நான் கூட இருந்தேன்.

ஆனா இதை வெளியே சொல்ல என்னால முடியாது. மகள் வீட்டுக் கூடத்துல என் நாலு பதக்கமும் கண்ணாடிச் சட்டத்துல மாட்டியிருக்கு. வர்றவங்களை மருமகன் முதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவார். எனக்கு எண்பது வயசு. பொய்ச் சான்று கொடுத்தவன்னு பேர் வாங்கிக்கிட்டு அந்தக் கூடத்துல எப்படி உட்கார்றது?

கிழிச்சுடுங்க.


ஏப்ரல் 8

முன்னாள் தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

ஒரு பொய்யை எழுதியவர் அடுத்ததாக எழுதுவது உண்மை என்று நம்புவதற்கு எனக்கு என்ன பிடிமானம்? தீ என்றீர்கள், பூச்சி என்கிறீர்கள். ஆகவே தங்கள் கடிதத்தை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பதக்கத்தைப் பற்றிய பகுதியை அல்ல. தட்டியதைப் பற்றிய பகுதியை மட்டும்.

'ஒண்ணு தட்டினா இடது' என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"யாரு எழுதினது இது?"

"உங்கள் கம்பெனி எழுத்தர்."

"மைக்கூடுன்னு நாங்க கூப்பிடுவோமே, அவனா? தப்பும்மா. ஒண்ணுன்னா வலது."

எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைக்கமாட்டேன். தங்களைப் பிடித்துவிட்டேன் என்றே எண்ணினேன். ஆனால் அவர் சிரிக்கத் தொடங்கினார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

"அந்த மடையன் பின்னாடி பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடதுன்னா எனக்கு வலது. அது அவனுக்கு உறைக்கவே இல்லை. முதல் தட்டுக்கு இடது ஒடிச்சேன், பின்சக்கரம் பள்ளத்து ஓரத்துக்குப் போயிடுச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு. கத்தினா இஞ்சின் சத்தத்துல கேட்காது. சரி, தட்டறதைத் தட்டட்டும்னு அதுக்கு எதிராவே ஒடிச்சுக்கிட்டு வந்தேன். மூணு கிலோமீட்டரும் தப்பாவே தட்டினான்."

"அவரிடம் சொல்லவில்லையா?"

"எதுக்கு? இறங்கினதும் அழுதான். நாம ரெண்டு பேரும்தான் காப்பாத்தினோம்னு கட்டிப் பிடிச்சான். அதுல போய் உனக்கு இடம் வலம் தெரியலைன்னு சொல்றதா?"

பிறகு, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல, "அப்போ நான் போயிருக்கேன்" என்றார்.

பொய் சொல்பவர் தமக்குச் சாதகமாகச் சொல்வார். தாங்களோ தங்களுக்கே தெரியாத ஒரு தவறைச் சொல்லியிருக்கிறீர்கள். தாங்கள் எழுதியதில் இந்தப் பகுதியை மட்டும் நம்புகிறேன்.

தங்கள் கடிதத்தைச் செயற்குழுவில் கொடுக்கலாம் என்று எண்ணினேன். செயலாளரிடம் ஒரு சொல் மட்டும் விட்டுப் பார்த்தேன். "கடிதமா? நீங்களே எழுதியிருப்பீங்க, உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே" என்றார். கையொப்பமில்லாமல் சலவைக்காரிக்கு வந்த தாளை எவரும் சான்றாக ஏற்கமாட்டார். உறுதிமொழி அலுவலர் முன்னிலையில், தங்கள் கையொப்பத்துடன் வேண்டும். என் கணவருக்கு மட்டுமல்ல. நூற்றுப் பதினொருவருக்கும்.

தங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுத்து வைத்திருப்பேன் என்று தாங்கள் ஐயுறுவீர்கள். நானும் தங்கள் இடத்தில் அப்படித்தான் ஐயுறுவேன். எடுக்கவில்லை. கிழிப்பதானால் தாங்களே கிழித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய என்னை ஏவ வேண்டாம்.

செயற்குழு 30 அன்று. இன்று 8.

இப்படிக்கு,
நெட்டையின் மனைவி


ஏப்ரல் 25

தங்கச்சி,

பேருந்து எனக்கு ஒத்துக்காது. வழியில ரெண்டு தடவை வாந்தி. ஆனா போயிட்டு வந்தேன்.

உறுதிமொழிப் பத்திரம் இதோட இருக்கு. மூணு பிரதி. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு செயற்குழுவுக்கு, ஒண்ணு பதிவு அலுவலகத்துல கொடுத்தாச்சு. மாவு, கரப்பான், நான் போட்ட பொய்க் கையெழுத்து, எல்லாம் அதுல இருக்கு. ஆபீஸ் பாஷையிலதான் எழுதினேன். கை மறக்கலை.

மூக்குக்கண்ணாடியைக் கயித்துல கட்டின அந்த அம்மா முழுக்கப் படிச்சாங்க. பட்டியல் எண் என்னன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகமில்லை. என் ஏட்டை எடுத்துப் பார்த்தா, மையில நானே எழுதி வெச்சிருக்கேன். எண், தேதி எல்லாம். அந்த எண்ணை வெச்சு மத்திய காப்பகத்துல அச்சுப் பட்டியலைத் தேடச் சொல்லி எழுதிட்டாங்க. நான் நிம்மதியா எழுந்திருச்சேன்.

"உட்காருங்க சார்"னாங்க. "உங்களோடதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். மத்தவங்களுக்காவது சீட்டு ஒட்டியிருந்த தடம் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

யோசிச்சுப் பார்த்தேன். வாஸ்தவம்தான். பட்டியல் கிடைக்கற வரைக்கும் என் ரெண்டு பதக்கமும் சரிபார்ப்பில இருக்குன்னு என் பக்கத்துல சிவப்பு மையில குறிச்சுட்டாங்க. கூட இருந்த சாட்சி யாராவது உயிரோட இருந்தா வாக்குமூலம் கொடுக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து சட்டத்தை நானே இறக்கினேன். மருமகன் ஏன் மாமான்னு கேட்டார். முழுசாச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போயிட்டார். மகள்தான், "சாப்பிட வாங்கப்பா"ன்னு கூப்பிட்டா. கூடத்துச் சுவத்துல இப்போ வெளுத்த கட்டம் ஒண்ணு இருக்கு. சாப்பிடும்போதெல்லாம் கண்ணுல படுது.

ஒண்ணு கேட்கணும். நிஜமாவே மூணு கிலோமீட்டரும் தப்பாவா தட்டினேன்?

மைக்கூடு


மே 6

முன்னாள் தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

செயற்குழு கூடியது. தங்கள் பத்திரத்தைச் செயலாளர் முதலில் மேலோட்டமாகவும், பிறகு முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தும், பிறகு எழுத்தெழுத்தாகவும் படித்தார். நான் அவருடைய முகத்தைப் படித்தேன். அறிவிப்பு கைவிடப்பட்டது. மத்தியக் காப்பகத்திலிருந்து பதில் வரும்வரை பதக்கங்கள் உரியவரிடமே இருக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாய்மொழியை நான் ஏற்பதில்லை.

பதக்கங்கள் ஒரு பழைய உறையில் போட்டுத் தரப்பட்டன. நாடாக்கள் கசங்கி, ஒன்றில் தேநீர்க் கறை. துவைத்து, மெல்லிய கஞ்சியிட்டு, ஈரத் துணியின்மேல் தேய்த்தேன். என் கணவர் பக்கத்தில் நின்று, "அந்த ஓரம், அந்த ஓரம்" என்று மேற்பார்வை செய்தார். புகைப்படம் சுவரில் ஏறிவிட்டது. தட்டுவது நிற்கவில்லை. ஆனால் இப்போது தட்டிவிட்டுத் தாமே சிரித்துக்கொள்கிறார்.

தங்கள் பத்திரத்தில் இருக்கும் செய்தி பரவிவிட்டது. மேற்படி நூற்றுப் பதினொருவரில் ஒருவருடைய விதவை, ஒரு பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்கு வந்தார். மகன்களே நம்பவில்லையாம், யாரோ கொடுத்தது என்றார்களாம். அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இன்னும் இருவர். தேய்ப்புப் பெட்டி சூடேறும் நேரம் எனக்கு மறுபடியும் போதவில்லை.

தங்கள் கேள்விக்கு விடை: ஆம், மூன்று கிலோமீட்டரும்.

தங்களுக்குச் சாட்சி தேவை என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் மீது எனக்குள்ள ஐயங்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டன என்று நான் எழுதமாட்டேன். ஒரு டம்ளர் மாவுக்காக நூற்றுப் பதினொருவர் தம் வீட்டிலேயே பொய்யர் ஆனார்கள். அதை மறக்க எனக்கு அதிகாரமில்லை. ஆயினும் தாங்கள் அந்த லாரியில் இருந்தீர்கள் என்பதில் ஐயமில்லை. என் கணவர் சொல்லச் சொல்ல நானே எழுதி, உறுதிமொழி அலுவலர் முன்னிலையில் அவர் கையொப்பமிட்ட வாக்குமூலம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இறுதிப் பத்தியை மாற்றச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். அது வருமாறு:

'மேற்படி எழுத்தர் அன்று வண்டியின் பின்புறம் அமர்ந்து, ஒரு கணமும் இறங்கி ஓடாமல், கடைசி வரை தட்டினார் என்பதற்கு நான் சாட்சி. தட்டியது எல்லாம் தப்பு. ஆனால் தட்டல் நிற்காத வரைக்கும் பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.'

இதைப் பதிவு அலுவலகத்தில் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதின் நகலை எனக்கு அனுப்பிவைக்க வேண்டும். காகிதங்கள் தங்கள் கையில் என்ன ஆகும் என்பதை அறிந்தவள் நான். ஆகவே இணைப்பை ஒட்டவில்லை. இந்தக் கடிதத்தோடு சேர்த்து, பித்தான் கட்டும் இரட்டை நூலால் நான்கு மூலையிலும் தைத்திருக்கிறேன். பிரித்தால் ஊசித் துளை காட்டிக்கொடுக்கும்.

இப்படிக்கு,
நெட்டையின் மனைவி